புன்னையா, புங்கையா? பார்த்து நடுவோம்

"கடலோர நிலம், உப்புக் காத்து அடிக்குது. வேலி ஓரத்துக்கு என்ன மரம் வைக்கலாம்?" உழவர் கூட்டங்களில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. உடனே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சவுக்கு. பார்க்க ஊசியிலை மரம் போலத் தெரிந்தாலும் சவுக்கு அந்த இனம் இல்லை. நம் மண்ணின் மரமும் இல்லை. ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியப் பக்கமிருந்து வந்தது. நான்கைந்து ஆண்டில் வெட்டிக் காசாக்க உதவும். ஆனால் தலைமுறைக்கும் நிற்கும் காற்றுத் தடுப்பு வேண்டுமென்றால், நம் கடற்கரைக்கே உரிய புன்னையைத்தான் நான் சொல்வேன்.

சிக்கல் பெயரில் இருக்கிறது. புன்னை கேட்டால் புங்கன் கன்றைக் கொடுத்துவிடும் நாற்றுப்பண்ணைகள் உண்டு. தப்பான கன்று என்று தெரிய வருவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடும். பிச்சாவரம் பக்கம் சுரபுன்னை என்று சொல்வதோ சதுப்பு நிலத்து மரம்; அதுவும் வேறு.

அடையாளம் காண்பது எப்படி?

• இலை: தனி இலை. எதிரெதிராக இருக்கும். தடித்து, பளபளப்பாக, ஒரு சாண் நீளம் வரை வளரும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நடு நரம்பிலிருந்து மெல்லிய நரம்புகள் சீப்புப் பல் போல நெருக்கமாக ஓடும். புங்கனில் ஒரே காம்பில் ஐந்து, ஏழு என்று சிற்றிலைகள் இருக்கும்.

• பூ: வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்து, நல்ல வாசம்.

• காய்: உருண்டை, பச்சை. புங்கங்காயோ தட்டை.

• பால்: கிளையை ஒடித்தால் பால் வடியும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்கு வருபவர்கள் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் இதைப் பார்த்துப் பழகலாம். அங்கே தல மரமே புன்னைதான். அம்பாள் மயில் வடிவில் சிவனைப் பூசித்தது புன்னை மரத்தடியில் என்பது தல வரலாறு. கோயில் மரத்தில் கை வைக்க வேண்டாம். கண்ணால் பார்த்தாலே போதும்.

கன்று வளர்ப்பு

மரத்தடியில் உதிர்ந்த பழங்களையும், வௌவால் தின்று போட்ட கொட்டைகளையும் பொறுக்குங்கள். தண்ணீரில் போட்டு, மிதப்பதைச் சொத்தை என்று ஒதுக்கும் பழக்கம் இதற்கு ஆகாது. கடலில் மிதந்து போய்க் கரையேறி முளைக்கிற விதை இது. நல்ல விதையும் மிதக்கும்.

சதையை நீக்கி, ஓட்டை மெதுவாகத் தட்டி உடைத்துப் பருப்பை அடிபடாமல் எடுங்கள். ஓட்டோடு போட்டால் முளைக்க இரண்டு மாதம் வரை ஆகும். ஓடு நீக்கினால் மூன்று, நான்கு வாரம்தான். எண்ணெய்ப் பருப்பு என்பதால் நாள்கணக்கில் வைத்திருக்காமல் உடனே விதைத்துவிடுங்கள்.

மணல், செம்மண், மக்கிய தொழு உரம் கலந்த ஆழமான பையில் மேலாக ஊன்றி, அரை நிழலில் வையுங்கள். ஆறு மாதத்தில் ஓரடிக்கு வந்துவிடும். வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில், பதினைந்து அடி இடைவெளி விட்டு நடலாம். முதல் இரண்டு கோடைக்கு மூடாக்கும் உயிர்த் தண்ணீரும் அவசியம்.

என்ன கிடைக்கும்?

புன்னை மெதுவாகத்தான் வளரும், அவசரக்காரர்களுக்கு ஏற்றதல்ல. வளர்ந்துவிட்டால் உப்புக் காற்றையும் மணலையும் தாங்கி நிற்கும், தேனீக்கு உணவு தரும். பருப்பில் பாதிக்கு மேல் எண்ணெய். விளக்கெரிக்கவும் படகுக்குப் பூசவும் பயன்பட்ட எண்ணெய் இது; சமையலுக்கு ஆகாது. பருப்பு நஞ்சு என்பதால் மாடு கன்றுக்கும் எட்டாமல் வையுங்கள்.

உடனடி வருமானம் வேண்டுமென்றால் உள்வரிசையில் சவுக்கு இருக்கட்டும். கடலைப் பார்த்த முதல் வரிசையைப் புன்னைக்குக் கொடுங்கள். சவுக்கை வெட்டிய பிறகும் உங்கள் நிலத்துக்குக் காவல் இருக்கும்.