எத்தனை மூளைகள் விழித்திருக்கின்றன?

எம்.கே.பி. நகரில் மாலை ஏழு மணி. வீட்டில் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது. தமிழ்நாட்டுக்கு மின்சாரம் தரும் நிலையங்களுள் ஒன்று, அங்கிருந்து வடக்கே அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையம். 1994க்கும் 1996க்கும் இடையில் அங்கே தலா 210 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகள் அமைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று நின்றுபோனால் வீட்டு விளக்கு அதைச் சொல்லுமா? சொல்லாது. மற்ற அலகுகளும் மற்ற நிலையங்களும் ஈடுகட்ட, அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். எது நின்றது என்று அறியக் கட்டுப்பாட்டு அறையின் அளவிகளைத்தான் பார்க்க வேண்டும்.

பல செயலிகள் கொண்ட கணிப்பொறியும் இப்படித்தான். கணக்குப் போடும் உறுப்பே செயலி. முன்பெல்லாம் மேசைக் கணிப்பொறிக்குச் செயலி ஒன்றுதான். இன்றோ ஒரே சில்லில் நான்கு, எட்டு என்று அடக்கிவிடுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் செயலி திடீரெனக் கெட்டால் பெரும்பாலும் கணிப்பொறியே நின்றுவிடும். அதை மறைக்க முடியாது. ஆனால் ஒரு செயலி வேலையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருந்தால்? திரை ஒளிரும், விசைப்பலகை வேலை செய்யும், கணக்குக்கு விடையும் வரும். சற்றுத் தாமதமாக வரும், அவ்வளவே. ஆகவே நாம்தான் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது? நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற ஓர் இயக்க முறைமை உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் இருப்பதாகக் கொள்வோம். ஆணைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் திரையைத் திறந்துகொள்ளுங்கள். ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் என், பி, ஆர், ஓ, சி என்ற ஐந்தையும் சேர்த்துத் தட்டி, என்டர் விசையை அழுத்துங்கள். ஓர் எண் வரும். இப்போது வேலைக்குக் கிடைக்கும் செயலிகளின் எண்ணிக்கை அது. அதே ஆணைக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறு கோடுகளையும் ஏ, எல், எல் என்ற எழுத்துகளையும் சேர்த்துக் கேட்டால், பொருத்தப்பட்டுள்ள மொத்த எண்ணிக்கை கிடைக்கும். மொத்தம் 4, கிடைப்பது 3 என்றால் ஒன்று எங்கே போயிற்று?

அதற்கு எல், எஸ், சி, பி, யூ என்ற ஆணை விடை தரும். பணியில் உள்ளவை எவை, விலக்கப்பட்டவை எவை என்று அது தனித்தனி வரியில் காட்டும். செயலிகளை அது சுழியத்திலிருந்து எண்ணும் என்பதை மறக்கக் கூடாது. பணியில் உள்ளவை 0, 1, 3 என்று வந்தால் காணாமற்போனது மூன்றாவது செயலி! விலக்கப்பட்டது என்றாலே பழுது என்று எண்ணிவிட வேண்டாம். சில சில்லுகளில் ஒரே செயலி இரண்டு செயலிகளைப் போல நடிக்கும். 2018இல் இந்த ஏற்பாட்டின் வழியே இரகசியங்கள் கசியக்கூடும் என்று தெரிந்ததும், சிலர் அந்த இரண்டாம் வேடத்தை வேண்டுமென்றே நிறுத்தி வைத்தார்கள்.

இருப்பது தெரிந்தது, உழைப்பது? டாப் என்ற ஆணையைக் கொடுத்து, பிறகு 1 என்ற விசையை அழுத்தினால் ஒவ்வொரு செயலியின் உழைப்பும் நூற்றுவீதத்தில் தெரியும். ஒன்று 100, மற்ற மூன்றும் 0 என்று காட்டினால் சோம்பேறிச் செயலிகள் என்று திட்டாதீர்கள். நிரலைப் பகுதிகளாகப் பிரித்து எழுதவில்லை, குற்றம் நம்முடையது! அதே திரையின் மேல் வரியில் சுமை என்று மூன்று எண்கள் இருக்கும்: கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரி. சுமை 4 என்பது அதிகமா? ரேஷன் கடையில் நான்கு பேர் நிற்கிறார்கள் என்றால், எடைபோடுபவர் ஒருவரா நால்வரா என்று கேட்க வேண்டாமா? ஒரே செயலி என்றால் மூவர் காத்திருக்கிறார்கள். நான்கு செயலிகள் என்றால் ஆளுக்கொரு வேலை.

பள்ளிக் கணிப்பொறியில் ஒரு செயலி குறைந்தால் பெரிய நட்டமில்லை. நூற்றுக்கணக்கான செயலிகள் கூடி ஒரே கணக்கைப் போடும்போது கதையே வேறு. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் 2004இல் ‘கப்ரூ’ என்ற கணிப்பொறித் தொகுப்பை அமைத்தது. தலா இரண்டு செயலிகள் கொண்ட 144 கணிப்பொறிகள். ஆக 288 செயலிகள். அவ்வாண்டு ஜூன் மாதம் வெளியான உலகின் முதல் 500 கணிப்பொறிகளின் பட்டியலில் அதற்கு 264ஆம் இடம்.

குவார்க்குகளுக்கு இடையிலான விசையை ஆராயும் கணக்கு இத்தகைய தொகுப்புகளுக்கு ஏற்றது. வெளியையும் காலத்தையும் புள்ளிகளாலான வலையாகக் கட்டி, ஆளுக்கொரு துண்டாகப் பங்கிடுவார்கள். ஒவ்வொரு படி முடிந்ததும் ஒவ்வொரு செயலியும் தன் அண்டை வீட்டாருடன் விடையைப் பரிமாறிக்கொண்டுதான் அடுத்த படிக்குப் போக முடியும். இப்போது 287 செயலிகள் முழு வேகத்தில் ஓட, ஒன்று மட்டும் சூடேறிப் பாதி வேகத்துக்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். இழப்பு 288இல் ஒரு பங்குதானே என்று தோன்றும். இல்லை! அண்டையார் காத்திருப்பார்கள், அவர்களுக்கு அண்டையாரும் காத்திருப்பார்கள். சிறிது நேரத்தில் முழுத் தொகுப்பும் ஏறக்குறையப் பாதி வேகத்தில்தான் நகரும்.

அத்தனை பெட்டிகளையும் நடந்துபோய்ப் பார்ப்பது ஆகாத காரியம். இத்தகைய தொகுப்பைக் காப்பவர் ஒரு மேசையில் அமர்ந்து, ஒரே ஆணையை எல்லாவற்றுக்கும் அனுப்பி, திரும்பி வரும் விடைகளில் மற்றவற்றோடு ஒத்துப்போகாத எண் எதுவென்று தேடுகிறார்.