வீட்டுப் பெரியவர்களின் எடை: பட்டினி வேண்டாம், துணை வேண்டும்



உங்கள் வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய பெரியவர்கள் இருக்கிறார்களா? எழுந்திருக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு "அம்மாடி" என்கிறார்களா? அப்படியானால் இந்தப் பிரசுரம் உங்களுக்குத்தான்.

ஒரு வீட்டில் நடப்பதைப் பாருங்கள். மாமியாருக்கு எழுபது கிலோ எடை. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறார். "எடையைக் குறைக்கணும்" என்று சுகாதார நிலையத்தில் சொல்லி அனுப்பினார்கள். மகன், "அம்மா, இனிமே ராத்திரி சோறு வேண்டாம்" என்று சொல்லிவிட்டான். மருமகளும் சரியென்று பால், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தினாள். எடை குறைந்தது. ஆனால் ஒருநாள் விடியற்காலையில் தலை சுற்றி, கொல்லைப்புறத்தில் விழுந்துவிட்டார்.

தவறு எங்கே? எடையைக் குறைக்க நினைத்தது தவறல்ல. குறைத்த விதம்தான் தவறு. வயதானவர்கள் பட்டினி கிடந்தால் கொழுப்பு மட்டும் கரையாது, தசையும் கரையும். தசை போனால் பலம் போகும். கீழே விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும் ஆபத்து உண்டு. சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால், இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும்.

எவ்வளவு குறைத்தால் போதும்?

இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை. ஆனால் இளவயது உடம்பு திரும்ப வேண்டியதில்லை. எழுபது கிலோ உள்ளவர் பல மாதங்களில் மெதுவாக மூன்றரை கிலோ குறைத்தாலே நல்ல பலன் தெரியும். ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முழங்காலுக்கு ஏறக்குறைய நான்கு கிலோ சுமை குறைகிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. தட்டை மாற்றுங்கள், வேளையை நிறுத்தாதீர்கள். தட்டில் பாதி கீரை, காய்கறி. கால் பங்கு சோறு அல்லது களி. கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இவற்றில் ஒன்று. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். டீயில் சர்க்கரை, பலகாரம், வடை, பஜ்ஜி ஆகியவற்றைக் குறையுங்கள். ஊறுகாய், அப்பளம் உட்பட ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன் உப்புக்கு மேல் வேண்டாம்.

2. கூடவே நடங்கள். வாரத்தில் 150 நிமிட நடை நல்லது. ஒரே மூச்சில் நடக்க வேண்டாம். காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் என்று தொடங்கலாம். வாரம் இரண்டு மூன்று நாள், சுவரோரம் நாற்காலி போட்டு ஐந்து முதல் பத்து முறை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். இது தொடைத் தசைக்குப் பலம். முதலில் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

3. உத்தரவு போடாதீர்கள், கேளுங்கள். "இவ்வளவு தின்னா எப்படி?" என்று சொன்னால் பெரியவர் மனம் நொந்துவிடும், மறைவாகச் சாப்பிடுவார். "அத்தை, இந்த வாரம் எது உங்களால முடியும்?" என்று கேட்டுப் பாருங்கள். "டீயில சர்க்கரையை விட்டுடறேன்" என்று அவரே சொன்னால், அதை ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். செய்த நாளில் காலண்டரில் ஒரு புள்ளி வையுங்கள். தவறிய நாளில் திட்டாதீர்கள். அது பழகியபின் அடுத்ததைத் தொடங்கலாம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

முயற்சி செய்யாமலே எடை குறைந்தால் அது நல்ல செய்தி அல்ல, உடனே காட்டுங்கள். நடக்கும்போது நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தால் நிறுத்திவிட்டு அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்கு வியர்வை, நடுக்கம், மயக்கம் வந்தால், நினைவு இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். சாப்பாட்டைக் குறைக்கும் முன் மாத்திரை அளவைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. மாத்திரை கொண்டுவரும் சகோதரியிடம் உங்கள் சந்தேகங்களைச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவையுங்கள்.

தம்பதியரே! பெரியவருக்கு மாற்றிய தட்டு உங்களுக்கும் நல்லதே. அவரோடு நடக்கும் பத்து நிமிடம் உங்கள் உடம்புக்கும் சேரும். நீங்கள் அவரை நடத்தும் விதத்தை உங்கள் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இன்று மாலையே தொடங்குங்கள். "வாங்க அத்தை, கோயில் வரைக்கும் நடந்துட்டு வருவோம்" என்று கூப்பிடுங்கள்.