கற்கச் செல்லும் சபர்: அப்துல் கலாமின் அமெரிக்கப் பயணம் தரும் பாடம்



சபர் என்ற சொல்லை அறியாத வீடு நம் பகுதியில் இல்லை. ஒரு தலைமுறை மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனது. பிரெஞ்சு ஆட்சித் தொடர்பால் சிலர் பிரான்சுக்குப் போனார்கள். பிறகு வளைகுடா வந்தது. இவை பெரும்பாலும் பிழைப்புக்கான பயணங்கள். இப்போது பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்க வேண்டும் என்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் பிழைக்கப் போனவர் மாதாமாதம் பணம் அனுப்புவார். படிக்கப் போன பிள்ளைக்குப் பல வருடம் நாம்தான் பணம் அனுப்ப வேண்டும். அந்தப் பிள்ளை என்ன கற்று வருகிறது என்பதில்தான் குடும்பத்தின் கணக்கு நேராகும். இதை விளங்கிக்கொள்ள, ராமேஸ்வரத்திலிருந்து புறப்பட்ட ஒரு பயணத்தைப் பார்ப்போம்.

அக்காவின் வளையல்

அப்துல் கலாம் திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்தார். பிறகு சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி.யில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. சேர்க்கைக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவை. வீட்டில் அவ்வளவு பணம் இல்லை. அக்கா சோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்த நகையைத் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் மீட்க வேண்டும் என்று தம்பி உறுதி எடுத்துக்கொண்டார். அதற்கு அவர் கண்ட வழி, நன்றாகப் படித்து உதவித்தொகை பெறுவது. இதை ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவரே சொல்லியிருக்கிறார்.

அமெரிக்காவில் சில மாதங்கள்

1963ல் கலாமுக்கு அமெரிக்காவின் நாசாவில் பயிற்சி பெறும் வாய்ப்பு வந்தது. திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைக்க இந்தியா முடிவு செய்திருந்த நேரம் அது. வளிமண்டலத்தின் மேலடுக்குகளை ஆராயக் கருவிகளைச் சுமந்து செல்லும் சிறிய ராக்கெட்டுகளை எப்படி ஏவுவது என்பதைக் கற்று வர ஒரு சிறு குழு அனுப்பப்பட்டது.

புறப்படும் முன் கலாம் ஊருக்கு வந்தார். தந்தை அவரைப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்று, அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தும் தொழுகைக்கு ஏற்பாடு செய்தார். அக்காவின் கணவர் ஜலாலுத்தீனும் உறவினர் சம்சுத்தீனும் பம்பாய் விமான நிலையம் வரை வந்து வழியனுப்பினார்கள். பம்பாய் போன்ற பெருநகரத்தை அவர்கள் பார்ப்பது அதுவே முதல்முறை.

விர்ஜீனியாவில் லாங்லி ஆய்வு மையம், மேரிலாந்தில் கோடார்ட் மையம், கடைசியாக வாலப்ஸ் தீவு ஏவுதளம் என்று பயிற்சி நடந்தது. உடன் இருந்த தமிழ்ப் பொறியாளர் ஆர். அரவமுதன் தம் நினைவுகளில் அங்கே சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். இருவரும் சைவம் என்பதால் மசித்த உருளைக்கிழங்கு, அவித்த பீன்ஸ், ரொட்டி, பால் என்றே நாட்களை ஓட்டினார்களாம். வேலை தெளிவாக இருந்ததால் வசதிக் குறைவு அவர்களைத் தடுக்கவில்லை.

சுவரில் இருந்த ஓவியம்

வாலப்ஸ் தீவின் வரவேற்பறையில் ஒரு போர்க்கள ஓவியம் கலாமின் கண்ணில் பட்டது. ராக்கெட் ஏவும் வீரர்கள் அதில் கறுத்த நிறத்தவர்களாக இருந்தார்கள். அருகே போய்ப் பார்த்தபோது, ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட திப்பு சுல்தானின் படை அது என்று தெரிந்தது.

மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்தவை. 1780ல் நம் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் நடந்த போரிலும் அவை பயன்பட்டன. 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் ஆங்கிலேயர் அவற்றை இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார்கள். அவற்றைப் பார்த்து வில்லியம் காங்கிரீவ் புதிய ராக்கெட்டுகளை உருவாக்கினார். சொந்த நாட்டில் மறக்கப்பட்ட ஒன்றை உலகின் மறுபக்கத்தில் கொண்டாடுவதைப் பார்த்துக் கலாம் பெருமையும் வியப்பும் அடைந்தார்.

திரும்பி வந்த பின்

அதே ஆண்டு நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் பறந்தது. நைக்–அப்பாச்சி என்ற அந்த ராக்கெட் அமெரிக்கா தந்தது. அதில் வைத்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சிலிருந்து வந்தது. ராக்கெட்டை ஒருங்கிணைத்துப் பூட்டுவதும் பாதுகாப்பும் கலாமின் பொறுப்பு. ஏவுமேடையில் ஏற்றும் நேரத்தில் பளுதூக்கியில் எண்ணெய் கசிந்து அது சாய்ந்துவிட்டது. எல்லாரும் கைகொடுத்துத் தூக்கி ராக்கெட்டை மேடையில் நிறுத்தினார்கள். போய்க் கற்றது சில மாதம். வந்த சில மாதத்திலேயே அது நாட்டுக்குப் பயன்பட்டது.

நமக்கான பாடங்கள்

1. எதைக் கற்கப் போகிறோம், படித்த பின் அது எங்கே பயன்படும் என்பதைப் புறப்படும் முன் ஒரு தாளில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். உதாரணமாக, வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு இந்தியாவில் மருத்துவராக விரும்பும் பிள்ளை நீட் தேர்வில் தகுதி பெற வேண்டும். படிப்பு 54 மாதங்களுக்குக் குறையாமலும் ஆங்கில வழியிலும் இருக்க வேண்டும். திரும்பிய பின் இங்கேயும் தகுதித் தேர்வு உண்டு. ஏஜென்டின் பேச்சை மட்டும் நம்பாமல் தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகளைப் பாருங்கள்.

2. யாருடைய நகை அடகில் இருக்கிறது, யார் எப்போது மீட்பது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். கடனை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. உம்மாவோ அக்காவோ கழற்றிக் கொடுத்த வளையலை அன்பளிப்பாக நினைத்து மறந்துவிடக் கூடாது.

3. போன இடத்தில் கண்ணைத் திறந்து வையுங்கள். சுவரில் மாட்டிய படத்திலும் பாடம் இருக்கும். நம் வரலாற்றை இங்கேயே படித்துவிட்டுப் போனால், அங்கே அதை அடையாளம் காண முடியும்.

4. ஊர் திரும்புவது எல்லாருக்கும் அமையாது. அங்கேயே வேலையில் தங்குபவர், அடுத்து வரும் ஒரு பிள்ளைக்காவது விண்ணப்பம் எழுதவும் கல்லூரி தேடவும் உதவட்டும். கற்றது ஊருக்குத் திரும்ப அதுவும் ஒரு வழி.

இந்த வாரம் வீட்டில் பேசிப் பாருங்கள்: நம் பிள்ளையின் படிப்புக்கு யார் யார் எதை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்? அது பிள்ளைக்குத் தெரியுமா?

பயனுள்ள கல்வியையும் நலமான சபரையும் நம் பிள்ளைகளுக்கு வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.