மின்சாரக் காரின் ஸ்டியரிங்: பழகிய கைகளுக்கு ஒரு புதிய பாடம்

மின்சாரக் கார் வாங்க எண்ணும் நம் சங்க அன்பர்கள் என்னிடம் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். ஒரு முறை சார்ஜ் செய்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? பாட்டரி எத்தனை ஆண்டு உழைக்கும்? இரண்டும் நல்ல கேள்விகளே. ஆனால் இந்தக் காரின் ஸ்டியரிங்கில் என்னென்ன இருக்கின்றன, நம் கைகள் அவற்றுக்குப் பழக எத்தனை நாள் ஆகும் என்று கேட்பவர் குறைவு. முப்பது நாற்பது ஆண்டு கார் ஓட்டியவர்களுக்கு இந்த மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. ஆபத்து நேரத்தில் நாம் யோசித்து ஓட்டுவதில்லை, பழக்கம்தான் ஓட்டுகிறது.

நான் ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். விஜயநகரில் குடியிருக்கிறேன். ரயில் எஞ்சினுக்கு ஸ்டியரிங்கே கிடையாது. சக்கரத்தின் விளிம்பும் தண்டவாளமும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் புதிய கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு ஓட்டுநர்களைப் பழக்கும் முறையை ரயில்வே நன்றாக அறியும். கடந்த ஆண்டு எங்கள் வீட்டுக்கு மின்சாரக் கார் வந்தபோது நானும் என் துணைவியாரும் அந்த முறையிலேயே பழகினோம். அதையே இங்கு பாடமாகத் தருகிறேன்.

1. எது புதிது, எது பழையது?

ஆதியில் கார்களுக்குச் சக்கர ஸ்டியரிங் இல்லை. படகின் சுக்கானைப் போல ஒரு பிடிதான் இருந்தது. 1894இல் நடந்த பாரிஸ் – ரூவான் பந்தயத்தில் ஆல்ஃபிரட் வாஷரோன் என்பவர் தம் பான்ஹார்ட் காரில் சக்கரத்தைப் பொருத்தி ஓட்டினார். பிறகு அதுவே உலக வழக்கமாயிற்று.

ஸ்டியரிங் தண்டில் கியர் இருப்பதும் நமக்குப் புதிதன்று. பழைய அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் ஸ்டியரிங்குக்குக் கீழேதான் கியர் தண்டு இருந்தது. இன்று ஹூண்டாயின் கிரெட்டா எலெக்ட்ரிக் (2025) போன்ற கார்களில் கியர் தேர்வு மீண்டும் அதே இடத்துக்கு வந்திருக்கிறது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பழைய தண்டு போட்ட இடத்திலேயே நிற்கும். கையால் தொட்டாலே எந்தக் கியர் என்று தெரியும். புதியது ஒரு மின் சுவிட்சு. முன்பக்கம் திருகினால் டி, பின்பக்கம் திருகினால் ஆர், நுனிப் பொத்தானை அழுத்தினால் பி. திருகிக் கையை எடுத்தவுடன் அது நடு நிலைக்குத் திரும்பிவிடும். ஆகவே கார் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கை சொல்லாது. எதிரே உள்ள திரையில் கண்தான் பார்க்க வேண்டும்.

இதோடு எஞ்சின் சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை. கார் புறப்படத் தயாராக இருப்பதைக் காதாலும் அறிய முடியாது. வாசலில் குழந்தைகள் விளையாடும் வீடுகளில் இது சாதாரண விஷயமல்ல. திரையில் எழுத்தைப் பார்க்காமல் பிரேக்கிலிருந்து காலை எடுப்பதில்லை என்பது எங்கள் வீட்டு முதல் விதி.

2. சக்கரத்தோடு சுழல்பவை, சுழலாதவை

ஸ்டியரிங்கைச் சுற்றியுள்ள கருவிகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இண்டிகேட்டர், வைப்பர், கியர் தண்டுகள் அடித்தண்டில் பொருத்தப்பட்டவை. சக்கரம் எத்தனை சுற்று சுற்றினாலும் அவை தம் இடத்திலேயே இருக்கும். சக்கரத்தின் முகத்திலுள்ள பொத்தான்களோ சக்கரத்தோடு சுழல்பவை. பல மின்சாரக் கார்களில் சக்கரத்தின் பின்புறம் காதுமடல் போல இருக்கும் இரண்டு பிடிகளும் அப்படியே. சக்கரத்தை அரைச் சுற்றுத் திருப்பினால் இடப்பக்கப் பிடி வலப்பக்கம் வந்துவிடும்.

இந்த வேறுபாட்டின் விளைவை டெஸ்லா நிறுவனத்தின் கார்களில் உலகமே பார்த்தது. 2021இல் அதன் மாடல் எஸ் காரில் வட்டச் சக்கரத்துக்குப் பதில் விமானத்தில் உள்ளது போன்ற வெட்டுப் பிடி வந்தது. இண்டிகேட்டர் தண்டும் நீக்கப்பட்டு, பிடியின் மேலேயே பொத்தான்கள் வைக்கப்பட்டன. நேர்ச்சாலையில் தொல்லை இல்லை. வட்டச் சந்திப்பில் சுற்றும்போது பொத்தானும் சேர்ந்து சுழல்வதால், வெளியேறும் நேரத்தில் அதைத் தேட வேண்டியதாயிற்று. 2023இல் வட்டச் சக்கரம் மீண்டும் கிடைத்தது. அந்த ஆண்டு தண்டில்லாமல் வந்த மாடல் 3 காருக்கும் 2025இல் இண்டிகேட்டர் தண்டு திரும்பியது. ஐரோப்பாவின் கார்ப் பாதுகாப்புச் சோதனை அமைப்பான யூரோ என்கேப்பும், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குக் கையால் தொட்டறியும் தனிக் கருவிகள் இருப்பதை 2026 முதல் தன் மதிப்பீட்டில் சேர்த்திருக்கிறது.

மைசூரு வட்டச் சந்திப்புகளின் ஊர். கே.ஆர். சர்க்கிளையும் ஹார்டிஞ்ச் சர்க்கிளையும் சுற்றாமல் நகருக்குள் எங்கும் போக முடியாது. எனவே கார் வாங்குமுன் கடைக்காரரிடம் நேர்ச்சாலையில் மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள். ஒரு சர்க்கிளைச் சுற்றிப் பாருங்கள்.

3. மடல் பிடிகள் செய்யும் வேலை

பெட்ரோல் காரில் இந்தப் பிடிகள் இருந்தால் அவை கியர் மாற்றும். மின்சாரக் காரில் அவை மறு உற்பத்தி பிரேக்கின் வலிமையைக் கூட்டும், குறைக்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வேகத்தைக் குறைத்து, மின்சாரத்தைப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது.

ரயில்வேயில் இது பழைய நண்பர். சகலேஷ்பூர் – சுப்ரமண்யா ரோடு மலைப்பாதையில் 50 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு. அங்கே டீசல் எஞ்சின்கள் மோட்டாரை ஜெனரேட்டராக்கி வேகத்தைத் தடுத்தாலும், கிடைத்த மின்சாரத்தைத் தடைக்கம்பிகளில் வெப்பமாக விட்டுவிட்டன. 1996இல் வந்த டபிள்யூ.ஏ.ஜி. 9 மின்சார எஞ்சின் அதை மேல்கம்பிக்கே திருப்பித் தருகிறது. உங்கள் கார் செய்வதும் இதுவே.

ஒரு சிறு கணக்கு. ஆட்களோடு 1700 கிலோ எடையுள்ள கார் சாமுண்டி மலையிலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் இறங்குகிறது என்று கொள்வோம். 1700 × 9.8 × 300 = சுமார் 50 லட்சம் ஜூல்; அதாவது 1.4 யூனிட். டயர், காற்று, மோட்டார் ஆகியவற்றின் இழப்பு போகப் பாதி திரும்பினாலும் 0.7 யூனிட். யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடும் கார் அதில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் போகும்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, பாட்டரி நிறைந்திருந்தால் மின்சாரம் போக இடமில்லை. அப்போது இந்த பிரேக்கின் பிடிப்பு குறைந்துவிடும். மலை உச்சியில் தங்கி முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். சற்றுக் குறைவாக ஏற்றுங்கள். இரண்டாவது, அவசரத்துக்கு என்றும் கால் பிரேக்தான். காலை எடுத்தாலே கார் நிற்கும் பழக்கம் ஊறிவிட்டால், மறுநாள் மகனுடைய பெட்ரோல் காரை ஓட்டும்போது அது நிற்காது.

சாமராஜநகர் வழியாகச் சத்தியமங்கலம், கோவை செல்லும் நம் குடும்பங்கள் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை அறிவார்கள். அங்கே வளைவின் நடுவில் மடல் பிடியைத் தேடக்கூடாது. சக்கரம் நேராக இருக்கும்போதே, இறக்கம் தொடங்குமுன், வேண்டிய அளவை வைத்துவிட வேண்டும். வளைவில் இரு கைகளும் சக்கரத்துக்கு மட்டும்.

4. பழகும் முறை

ரயில் ஓட்டுநர் ஒருவர் புதிய தடத்தில் உடனே தனியாக வண்டி ஓட்ட அனுமதி இல்லை. பழகுவதற்கான பயணங்கள் சென்று, தடம் தெரியும் என்று கையெழுத்திட்ட பிறகே பொறுப்பு கிடைக்கும். அவரும் உதவியாளரும் ஒவ்வொரு சிக்னலையும் வாய்விட்டுச் சொல்வார்கள். வாய் சொல்லும்போது கண்ணும் கவனமும் கூடவே வருகின்றன. இதை வீட்டிலும் செய்யலாம்.

முதல் படி: காரை வாசலில் நிறுத்தியபடியே, கண்ணை மூடிக்கொண்டு இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், விளக்கு ஆகியவற்றைத் தொட்டுக் காட்டுங்கள். ஐரோப்பிய வகைக் கார்களில் இண்டிகேட்டர் இடப்பக்கமும், ஜப்பானிய, கொரிய வகைகளில் வலப்பக்கமும் இருப்பது நம் நாட்டு வழக்கம். பத்து முறையும் தவறாமல் கை போனால் அடுத்த படிக்குச் செல்லலாம்.

இரண்டாம் படி: அதிகாலையில் வெறிச்சோடிய சாலையில் முன்னும் பின்னும் செல்லுங்கள். ஒவ்வொரு முறையும் திரையைப் பார்த்து "டி", "ஆர்" என்று உரக்கச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

மூன்றாம் படி: மடல் பிடிகளை ஒரே அளவில் வைத்து ஒரு வாரம் ஓட்டுங்கள். தினம் ஒரு அளவு என்று மாற்றினால் கால் குழம்பும்.

நான்காம் படி: சர்க்கிள்கள், வெளிவட்டச் சாலை. அதன் பின் சாமுண்டி மலை. எல்லாம் முடிந்த பிறகே திம்பம்.

எங்கள் இருவருக்கும் இவை முடிய மூன்று வாரம் ஆயிற்று. குறிப்பாக வேண்டுகிறேன்: வீட்டில் உரிமம் உள்ள இருவருமே பழகிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, முதியோர் இருவர் மட்டும் வாழும் வீடுகள் நம்மிடையே பல. ஒருவருக்கு நடு இரவில் நெஞ்சு வலி வந்தால் மற்றவர்தான் ஓட்ட வேண்டும். அந்த நேரத்தில் எது டி, எது ஆர் என்று கையேட்டைப் புரட்ட முடியாது.