பெருவண்டியைப் பரீட்சித்தல்

கேள்வி: ஸ்ரீசைலம் போன்ற தூரப் பிரயாணங்களுக்காக ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650 வாங்க உத்தேசித்திருக்கிறேன். பரீட்சார்த்தமாக ஓட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
— ஒரு வாசகர், காஞ்சன்பாக், ஹைதராபாத்

பதில்: 648 சிசி இரட்டைச் சிலிண்டர் எஞ்சினும் 241 கிலோ எடையும் கொண்ட இவ்வண்டியின் இருக்கை 740 மில்லிமீட்டர் உயரத்திலேயே அமைந்திருப்பதால், நடுத்தர உயரமுள்ளவராலும் பாதங்களைத் தரையில் நன்றாக ஊன்ற முடிகிறது; ஆனால் அந்தச் சௌகரியமே அதன் பாரத்தை மறக்கச் செய்துவிடும் அபாயமும் உண்டு. ஆகவே, முதற் பரீட்சையை எஞ்சினை இயக்காமலே செய்யுங்கள்: சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தி, பின்னோக்கி உருட்டி, குறுகிய இடத்தில் திருப்பிப் பாருங்கள். சந்திராயணகுட்டா நெரிசலில் நடைவேகத்தில் நகர்கையில் உதவுவது குதிரைத்திறன் அன்று. கிளட்சின் மென்மையும், பின் பிரேக்கை இலேசாக மிதித்துச் சமநிலை காக்கும் பயிற்சியுமே.

இதுபோன்ற குரூஸர் வண்டியில் கால்கள் முன்னே நீண்டிருப்பதால், பள்ளத்தில் இறங்கும்போது உடலைச் சற்றே எழுப்பிக்கொள்ள இயலாமல் அதிர்ச்சி நேரே முதுகெலும்பைச் சென்று தாக்குகிறது என்பதை, விற்பனையகத்தைச் சுற்றிவரும் ஐந்து நிமிஷத்தில் எவரும் உணர முடியாது. அரை மணி நேரமாவது ஓட்ட அனுமதி கேளுங்கள். வெளிவட்டச் சாலையின் பிரதான தடத்தில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதியில்லையாதலால், ஸ்ரீசைலம் நெடுஞ்சாலையில் துக்குகுடா திசையில் செல்வதே உசிதம். உங்களோடு பிரயாணம் செய்யப்போகிறவரையும் அவசியம் பின்னிருக்கையில் ஏற்றிச் செல்லுங்கள். இறங்கியதும் அவர் இடுப்பு வலிக்கிறதென்றால், விலை பேசுமுன் முதுகுத் தாங்கி பொருத்திய வண்டியைக் கேட்டு, மறுபடியும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.