உட்செவியும் செயற்கை அடிவானமும்

அமெரிக்க விதிப்படி, தனியார் விமானி உரிமம் நாடுவோர் 150 கடல்மைல் தொலைவைத் தனித்துப் பறந்து, மூன்று இடங்களில் தரையிறங்கிக் காட்டல் வேண்டும். வெளிக்காட்சியை மறைத்துக் கருவிகளை மட்டும் நோக்கி ஓட்டுவதற்கோ 3 மணி நேரப் பயிற்சியே போதுமாம். இது மிகக் குறைவென்பது நம் கருத்து.

மேகத்துள் ஊர்தி மெல்லத் திரும்பிக்கொண்டே இருப்பின், உட்செவியின் நீர்மம் அதற்குப் பழகி, நேரே செல்வதாகவே உணர்த்தும். நிமிர்த்தினாலோ எதிர்ப்புறம் திரும்புவதாகத் தோன்றும். அந்நிலையில் உடலுணர்வை மறுத்துச் செயற்கை அடிவானத்தை நம்புவது எளிதன்று. ஆகவே கருவித் தகுதிக்கு 40 மணி நேரம் கேட்கின்றனர்.

குடியரசுத் தலைவராயிருந்த கென்னடியின் மைந்தர் அத்தகுதி பெறாதவர். 1999 ஜூலை 16 இரவு, மூடுபனி படர்ந்த கடல்மேல் நிலையுணர்வு குழம்பி வீழ்ந்தார்; உடன் சென்ற மனைவியும் மனைவியின் தமக்கையும் மாண்டனர். அப்பயணத்தை விதி தடுக்கவில்லை.