பீரங்கிக்கா, பென்ஷனுக்கா?

நம்பிக்கை: வலதுசாரி ஆட்சி வந்தால் ராணுவத்துக்கு வாரி இறைக்கும்.

ரூபாய்க் கணக்கில் அப்படித்தான் தெரியும். 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி. ஆனால் ரூபாய்த் தொகை எந்த ஆட்சியிலும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். நாட்டின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டால் இது 1.9 சதவீதம். 1980-களின் பிற்பகுதியில், ராஜீவ் காந்தியின் காங்கிரஸ் ஆட்சியில், 3 சதவீதத்துக்கு மேல் போனது. மேடை முழக்கம் வேறு, ஒதுக்கீடு வேறு.

நம்பிக்கை: சிக்கனம் பேசுகிறவர்கள் ராணுவத்துக்காகப் பற்றாக்குறையில் இறங்க மாட்டார்கள்.

முதலில் இறங்கியவரே நம்ம ஊர்க்காரர். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார், கோவை வணிகக் குடும்பத்தில் பிறந்தவர், நீதிக்கட்சிக்காரர், சோஷலிசம் பக்கமே போகாதவர். 1947 நவம்பர் 26 அன்று, ஏழரை மாதத்துக்கான பட்ஜெட்டை வைத்தார். வரவு 171.15 கோடி, செலவு 197.39 கோடி. அதில் பாதுகாப்புக்கு மட்டும் 92.74 கோடி, கிட்டத்தட்ட பாதி. பிரிவினையின் ரத்தம் காயவில்லை, காஷ்மீரில் சண்டை. வெட்டுவதற்கு அங்கே இடமில்லை. துண்டு விழுந்த 26.24 கோடிக்கு அவர் கண்டுபிடித்த புது வரி என்ன தெரியுமா? துணிக்கும் நூலுக்கும் ஏற்றுமதி வரி. பஞ்சாலை ஊரில் பிறந்தவர் பஞ்சாலையிலேயே கை வைத்தார்! அதில் அந்த ஆண்டு தேறியது 1.65 கோடி. மீதி 24.59 கோடியைப் பற்றாக்குறையாகவே விட்டுவிட்டார். அன்றைய நிலையில் அதுதான் பொறுப்பான முடிவு என்பேன்.

வாஜ்பாய் அரசும் இப்படித்தான். கார்கில் போருக்குப் பின் 2000-01-இல் பாதுகாப்பு ஒதுக்கீட்டை 28 சதவீதம் கூட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் நிதிப் பொறுப்பு மசோதாவையும் கொண்டுவந்தது. 2003-இல் அது சட்டமானது. மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள் பற்றாக்குறையை அடக்குவது இலக்கு. 2025-26-இல் மத்திய அரசு தனக்கே வைத்துக்கொண்ட இலக்கு 4.4. இதற்கு ராணுவத்தை மட்டும் கைகாட்ட முடியாது: அந்த ஆண்டு வட்டிக்கு ஒதுக்கியது 12.76 லட்சம் கோடி, பாதுகாப்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

நம்பிக்கை: பாதுகாப்புப் பணமெல்லாம் விமானமும் பீரங்கியும் வாங்கத்தான்.

அந்த 6.81 லட்சம் கோடியில் தளவாடம், கட்டுமானம் போன்ற மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடி. பென்ஷன் மட்டும் 1.61 லட்சம் கோடி. 'ஒரே பதவி, ஒரே பென்ஷன்' என்று வாக்குறுதி தந்து 2015-இல் அறிவித்ததும், 2022-இல் நாலு வருஷ 'அக்னிபத்' முறையைக் கொண்டுவந்து, நாலில் மூன்று பேரைப் பென்ஷன் இல்லாமல் அனுப்பத் திட்டமிட்டதும் ஒரே ஆட்சி. படையை இளமையாக்க என்றது அரசு. பென்ஷன் பாரம் குறையும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமல்ல.

கோவை கணபதியில் லேத் ஓட்டுகிறவருக்கு இதில் என்ன? சேலம், ஓசூரோடு கோவையையும் சேர்த்த பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் தொடங்கியது. 'வழித்தடம்' என்றதும் கோவைக்குப் பணம் மூட்டையாக வந்து இறங்கும் என்று பலர் நினைத்தார்கள். வழித்தடம் ஆர்டர் தராது. தரச் சோதனை, டெண்டர் எல்லாம் தாண்டி, பெரிய கம்பெனிகளின் ஜாப் ஒர்க்காகத்தான் பெரும்பாலும் வரும். ஆகவே பட்ஜெட் அன்று டிவியில் ஓடும் மொத்தத் தொகையை விட்டுவிட்டு, மூலதனத் தலைப்பைப் பாருங்கள். 2025-26-இல் உள்நாட்டுக் கொள்முதலுக்கென்று ஒதுக்கிய 1.12 லட்சம் கோடி அதற்குள்தான் இருந்தது.